தனியார் மண் அணை: ஏரி யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

பொழுதுபோக்குக்காக ஒரு தனி ஆளோ, கிளப்போ, குடியிருப்போர் சங்கமோ வைத்திருக்கும் மண் அணை செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரே குழப்பம்தான் எழுகிறது. எழுபது எண்பது வருடமாக நிற்கும் கரை, வெளியே ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை, அதை ஏன் ‘அதிக அபாயம்’ என்று எழுதுகிறார்கள்? தண்ணீரை ஏன் இறக்கச் சொல்கிறார்கள்? சொந்த நிலத்தில் இருக்கும் ஏரிக்கு அடுத்தவர் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மண் கரை எப்படி உடைகிறது, அபாயத்தை எதை வைத்து அளக்கிறார்கள், அணை ‘சொந்தம்’ என்றால் அதோடு என்னென்ன சேர்ந்து வருகிறது. மூன்றாவதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். ஆனால் உடைந்த அணைகளின் வரலாற்றைப் புரட்டினால், கரை மண்ணில் பலவீனம் ஏறுவதற்கு முன்பே பத்திரத்தில் ஏறியிருப்பது தெரிகிறது. கை மாறும்போது ஏரி முழுசாகக் கை மாறுகிறது. அதைப் பற்றிய அறிவும், பராமரிக்கும் பணமும் கூடவே போவதில்லை.

முதலில், கரையின் உறுப்புகள்

மண் அணை என்பது கெட்டித்து ஏற்றிய மண்மேடு. தண்ணீர்ப் பக்கச் சரிவு மேல்முகம், மறுபக்கச் சரிவு கீழ்முகம். உச்சியில் நடக்கவோ வண்டி ஓட்டவோ இடம் விட்டிருப்பது முகடு. கீழ்முகம் தரையைத் தொடும் இடம் கரையின் அடி. நன்றாகக் கட்டிய அணையின் நடுவே நீர் எளிதில் ஊடுருவாத களிமண் இருக்கும். அதை ஒட்டி மணலும் சரளையுமாக ஒரு வடிகட்டி அடுக்கு இருக்கும். தேவைப்பட்டபோது தண்ணீரை இறக்க, கரையின் அடியில் குழாயும் கதவுமாக மதகு. வெள்ளக் காலத்தில் உபரி நீர் தானே வெளியேற ஒரு கலிங்கு.

ஏரி சின்னது என்பதால் எடை சின்னதாகிவிடாது. நான்கு ஹெக்டேர் பரப்பு, சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு விடவும் மீன் பிடிக்கவும் போதுமான, சாதாரண ஏரி. அதில் 80,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது 80,000 டன் நிற்கிறது. கரையோரம் 6 மீட்டர் ஆழம் இருந்தால், அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 6 டன் அழுத்தம். இரவும் பகலும், யாரும் படகு விடாத மாதங்களிலும்.

கரை உடையும் விதங்கள்

1. முகட்டின் மேல் வழிதல். கான்கிரீட் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் அது தாங்கும். மண் அணை தாங்காது. வழியும் நீர் கீழ்முகத்தில் வேகமெடுத்து, புல்லைப் பெயர்த்து, பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் படிப்படியாக மேலேறி முகட்டைத் தின்னும். அமெரிக்காவில் பதிவான அணை உடைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படி நடந்தது. காரணம் பெரும்பாலும் கலிங்குதான். கட்டும்போதே சின்னதாக இருக்கும், அல்லது பிறகு குப்பையும் கிளைகளும் அடைத்திருக்கும், அல்லது ஏரி மட்டம் இன்னும் ஓர் அடி உயரட்டும் என்று யாராவது அதில் பலகை வைத்திருப்பார்கள்.

2. உள்ளரிப்பு. எல்லா மண் அணையும் கசியும். கசிவதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. கசியும் நீர் மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி. மண்துகள் வெளியேறத் தொடங்கினால் கீழ்முகத்திலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி ஒரு சுரங்கம் வளரும். அது தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு சில மணி நேரம்தான் மிச்சம். 1976-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், அரசே கட்டி முதன்முறையாக நிரப்பிக்கொண்டிருந்த டீட்டன் அணை இப்படித்தான் போனது. காலையில் கண்ட சேற்றுக் கசிவு நண்பகலுக்கு முன்பே அணையை விழுங்கியது.

3. சரிவு. கரைக்குள் நீர்மட்டம் ஏறி மண் ஊறினால் கீழ்முகத்தின் ஒரு பகுதி அப்படியே நழுவும். மேல்முகத்திலும் இது நடக்கும். ஏரியை அவசரமாக வடித்தால், வெளியே தாங்கிப் பிடித்த தண்ணீர் போய்விடும், கரைக்குள் ஊறிய நீர் மட்டும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அவசரம் இல்லாத நேரங்களில் நாளொன்றுக்கு ஓர் அடி அளவில் மெதுவாக இறக்கச் சொல்கிறார்கள். பயந்துபோய் மதகை முழுதாகத் திறப்பதும் ஆபத்துதான்.

அணை பரிசோதகர் வந்தால் முதலில் ஏரியைப் பார்ப்பதில்லை. கரையின் அடியில், ஈரமாக இருக்கும் இடத்தில் குனிந்து, கண்ணாடிப் பாட்டிலில் கசிவு நீரைப் பிடிப்பார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். பிறகு அசையாமல் வைத்துவிட்டு, அடியில் ஏதாவது படிகிறதா என்று காத்திருப்பார். தெளிந்த நீர் என்றால் அளவைக் குறித்துக்கொண்டு போவார். பாட்டிலின் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு படிந்தால் அந்த நாளின் வேலையே மாறிவிடும். போன மாதத்தைவிட இந்த மாதம் கசிவு கூடியிருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம். ‘V’ வடிவ வெட்டுள்ள ஒரு தகட்டை வடிகாலில் பொருத்தினால், நீர் வழியும் உயரத்தை வைத்தே கசிவைக் கணக்கிடலாம். பெரிய செலவில்லை. ஆனாலும் பெரும்பாலான தனியார் கரைகளில் இதைப் பார்க்க முடியாது.

கரையை அழகாக்கும் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிழலுக்காக விட்ட மரம் புயலில் சாயும்போது வேர்த்திரளோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழும். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி, தண்ணீருக்குத் தயாரான பாதையாகிவிடும். வளை தோண்டும் பிராணிகளும் அப்படித்தான். ஆனால் நான் அதிகம் அஞ்சுவது மதகுக் குழாயை. பழைய சிறு அணைகள் பலவற்றில் நெளிவுத் தகரக் குழாய்தான் போட்டிருக்கிறார்கள். அது சில பத்தாண்டுகளில் துருவேறி ஓட்டையாகும். மேலே இருக்கும் மண் ஓட்டை வழியே குழாய்க்குள் கொட்ட ஆரம்பிக்கும். வெளியில் அதற்கு ஒரே அடையாளம், ஒருநாள் முகட்டில் தென்படும் சிறு குழி. அதில் மண் போட்டு மூடி, மேலே புல் நட்டுவிடுகிறார்கள்.

சவுத் ஃபோர்க்: ஒவ்வொரு கை மாறலிலும் குறைந்தது என்ன

பொழுதுபோக்குக்காகத் தனியார் வைத்திருந்த மண் அணை என்றால் உலகம் நினைவில் வைத்திருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணையை. 1889 மே 31 அன்று அது உடைந்து, சுமார் 23 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெருமழையின் கதையாக இதைச் சொல்வார்கள். பத்திரங்களின் கதையாகவும் படித்துப் பார்க்கலாம்.

அணையைக் கட்டியது மாநில அரசு. கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் தர 1838-ல் தொடங்கி 1853-ல் முடித்தார்கள். சுமார் 22 மீட்டர் உயரம், 284 மீட்டர் நீளம். அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள், ஏரியை எப்போது வேண்டுமானாலும் இறக்குவதற்கு. அணை முடிந்த சமயத்தில் ரயில் வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. 1857-ல் அணை பென்சில்வேனியா ரயில்வே நிறுவனத்தின் கைக்கு வந்தது. அவர்களுக்கு இதனால் பயன் இல்லை, பார்ப்பாரும் இல்லை. 1862-ல் கரையில் உடைப்பு ஏற்பட்டது. ஏரியில் அப்போது நீர் குறைவாக இருந்ததால் கீழே பெரிய சேதமில்லை.

1875-ல் ஜான் ரெய்லி என்ற அரசியல்வாதி வாங்கினார். ஐந்து குழாய்களையும் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார். அவர் கணக்கில் அது நியாயமாகவே பட்டிருக்கும். தண்ணீரே நிற்காத உடைந்த கரைக்குக் குழாய் எதற்கு? 1879-ல் பெஞ்சமின் ரஃப் வாங்கி, பிட்ஸ்பர்க் செல்வந்தர்களுக்கான மீன்பிடி, வேட்டை கிளப்புக்காக மீண்டும் ஏரியாக்கினார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பெரும் தொழிலதிபர்கள் அந்த கிளப்பின் உறுப்பினர்கள். உடைப்பை மண்ணும் வைக்கோலும் குப்பையுமாக அடைத்தார்கள். குழாய்களைத் திரும்பப் போடவில்லை. முகட்டில் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக இடம் வேண்டும் என்று கரையின் உயரத்தைக் குறைத்து முகட்டை அகலமாக்கினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் ஓடிவிடக் கூடாது என்று கலிங்கில் கம்பி வலை கட்டினார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சின்ன முடிவுகள். கூட்டிப் பார்த்தால், ஏரியை இறக்க வழியில்லை, வெள்ளம் வெளியேற வழி பாதிதான், வழிந்தால் தாங்க உயரமும் இல்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பு நிறுவனத்தின் தலைவர் டேனியல் மொரெல், 1880-ல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். இறக்கும் குழாய் இல்லாததையும் கசிவையும் ஃபுல்டன் எழுதிக் கொடுத்தார். சரிசெய்யும் செலவில் பங்கு தருகிறோம் என்றுகூட மொரெல் சொன்னார். கிளப் மறுத்துவிட்டது. கீழே இருப்பவர் சொந்தப் பணம் தர முன்வந்தும் மேலே இருக்கும் கரையைத் தொட முடியவில்லை. ஏனென்றால் கரை அவருடையது இல்லை. தனியார் உரிமையின் சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவத்தை நான் படித்ததில்லை.

கடைசி நாள் காலையில் கலிங்கின் வலையில் சேர்ந்த குப்பையை அகற்றப் போராடினார்கள், பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள். நண்பகலுக்கு முன்பே தண்ணீர் முகட்டின் மேல் ஏறியது. பிற்பகல் மூன்று மணி அளவில் கரை போயிற்று. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான நேரத்தில் வெள்ளம் நகரை அடைந்தது. வழக்குகள் நடந்தன. உயிர் தப்பிய எவருக்கும் கிளப்பிடமிருந்து நீதிமன்றம் வழியாக இழப்பீடு கிடைக்கவில்லை. கிளப் என்ற அமைப்பின் பெயரில் பெரிய சொத்து இல்லை, பணம் உறுப்பினர்களின் பெயரில் இருந்தது.

‘அதிக அபாயம்’ என்ற முத்திரை

அணையின் அபாய வகை என்பது அணையின் உடல்நிலையைச் சொல்லும் மதிப்பெண் கிடையாது. உடைந்தால் கீழே என்ன நடக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அமெரிக்க முறையில், உயிர்ச்சேதம் நிகழக்கூடும் என்றால் அதிக அபாயம். உயிர்ச்சேதம் இல்லாமல் சொத்து, சாலை போன்றவை பாதிக்கப்படும் என்றால் நடுத்தரம். சேதம் பெரும்பாலும் உரிமையாளரோடு முடியும் என்றால் குறைவு. நேற்றுக் கட்டிய பிரமாதமான அணையும் அதிக அபாய வகையில் இருக்கலாம். இடியும் நிலையில் உள்ள கரை குறைந்த அபாய வகையில் இருக்கலாம். அணையின் நிலை தனியாக மதிப்பிடப்படுகிறது. இரண்டும் சேர்ந்து மோசமாக வரும்போதுதான் தண்ணீரை இறக்கும் உத்தரவு வருகிறது.

இதில் உரிமையாளருக்கு உண்மையிலேயே கடினமான ஒரு பக்கம் உண்டு. வயல்வெளிக்கு மேலே கட்டிய அணை அன்று குறைந்த அபாயம். நாற்பது வருடத்தில் கீழே வீடுகள் வந்துவிட்டன. கரையில் ஒரு கல்கூட நகரவில்லை, ஆனால் வகை மாறிவிட்டது. வகை மாறினால் கலிங்கு கடத்த வேண்டிய வெள்ளத்தின் அளவும் கூடும், அதற்குப் புதுக் கலிங்கு கட்ட வேண்டும். கீழே மனை விற்றவர் லாபத்தோடு போய்விட்டார், செலவு மேலே இருப்பவர் தலையில். வெள்ளப் பாதையில் வீடு கட்ட அனுமதி தரும் உள்ளாட்சிக்கும் இதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

வகைப்படுத்தலை நம்பி யாரும் பார்க்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மார்ச் 14 சாட்சி. ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டத்துக்காக முன்னொரு காலத்தில் கட்டப்பட்டுப் பிறகு தனியார் நிலமான கா லோகோ அணை விடியலுக்கு முன் உடைந்து ஏழு பேரைக் கொன்றது. பதிவேட்டில் அது குறைந்த அபாய அணை. கலிங்கு மூடப்பட்டிருந்தது என்பதே வழக்கின் மையக் குற்றச்சாட்டு. உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

உயரம் குறைவு என்ற ஆறுதலும் செல்லாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை 12 மீட்டர் அளவே உயரம். மின்சாரம் தயாரித்த அணை, 1957-க்குப் பிறகு பொழுதுபோக்கு ஏரி மட்டுமே. உரிமை ஒரு தனியார் கல்லூரியிடம் இருந்தது. 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவு தாண்டி உடைந்தபோது இறந்தவர்கள் 39 பேர், கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். கீழ்முகத்தில் சரிவு ஏற்பட்டிருந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடுத்த புகைப்படத்தில் தெரிந்தது. இதற்குப் பிறகுதான் அதிபர் கார்ட்டர் நாடு முழுவதும் அதிக அபாயத் தனியார் அணைகளைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். ஜார்ஜியா அடுத்த ஆண்டே அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

சொந்தம் என்றால் என்ன சேர்ந்து வருகிறது

சட்டத்தில் இதற்கு அடிப்படையாகப் பேசப்படும் வழக்கே ஒரு தனியார் நீர்த்தேக்கத்தைப் பற்றியதுதான். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலை முதலாளி ரைலண்ட்ஸ், தன் ஆலைக்காக ஒப்பந்தக்காரர்களை வைத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்க வழிகள் இருந்தன. 1860-ல் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, பக்கத்தில் ஃப்ளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் தனிப்பட்ட முறையில் அலட்சியமாக இருந்ததாக நிரூபணமில்லை. இருந்தும் 1868-ல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தப்பித்தால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பித்தால் பொறுப்பேற்க வேண்டும் என்பதே விதி. முதலில் தயங்கிய அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் பல, ஜான்ஸ்டவுன் பேரழிவுக்குப் பின் வந்த ஆண்டுகளில் இதை ஏற்கத் தொடங்கின. மற்ற இடங்களில் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டுப் பெட்டியில் போட்டவருக்கு எதிராக அது அத்தனை கடினமில்லை.

பிரிட்டனில் இன்னொரு படி ஏறினார்கள். 1925-ல் வேல்ஸின் டோல்காரொக் கிராமத்தில் அணை உடைந்து 16 பேர் இறந்தனர். அதன் பின் 1930-ல் சட்டம் வந்தது, இங்கிலாந்தில் இப்போது இருப்பது 1975-ன் சட்டம். தரைமட்டத்துக்கு மேலே 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும் பெரிய நீர்த்தேக்கம், உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், அதற்குத் தகுதிபெற்ற பொறியாளரின் மேற்பார்வையும், பத்து ஆண்டுகளுக்குள் ஒருமுறை முழுப் பரிசோதனையும் வேண்டும் என்பது அதன் மைய ஏற்பாடு. யார் பெயரில் ஏரி இருந்தாலும் இதுதான். நாம் மேலே போட்ட 80,000 கன மீட்டர் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் தேசியப் பதிவேட்டில் உள்ள அணைகள் 90,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை தனியாருடையவை, மிகப் பெரும்பாலானவை மண் அணைகள், பதிவான நோக்கங்களில் முன்னணியில் நிற்பது பொழுதுபோக்கு. மின்சாரம் விற்கும் அணைக்கு வருமானம் உண்டு. பாசன அணைக்கு விவசாயி உண்டு. பொழுதுபோக்கு ஏரி தனக்காக ஒரு ரூபாயும் சம்பாதிப்பதில்லை. அது தரும் மதிப்பெல்லாம் கரையோர வீடுகளின் விலையில் ஏறிவிடுகிறது. அணை யார் பெயரிலோ இருக்கும், மதிப்பு வேறு யார் பெயரிலோ சேரும்.

மிச்சிகனின் ஈடன்வில் அணையில் இந்தப் பிளவு அப்பட்டமாகத் தெரிந்தது. அது தனியார் மின் அணை. அதிகபட்சமாக எதிர்பார்க்கக்கூடிய வெள்ளத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் கலிங்கால் கடத்த முடியும் என்பது, மின் உரிமம் தரும் கூட்டாட்சி ஆணையம் நீண்டகாலமாகச் சொல்லிவந்த குறை. சரிசெய்யப்படாததால் 2018-ல் மின் உரிமத்தை ரத்து செய்தார்கள். அணை மாநிலத்தின் மேற்பார்வைக்கு மாறியது. உரிமம் போனதும் மின் வருமானமும் போயிற்று, மிஞ்சியது அந்த அணை தேக்கிய விக்ஸம் ஏரி மட்டும். 2020 மே 19 அன்று கனமழையில் ஏரி ஏறியது, ஆனால் முகட்டைத் தாண்டவில்லை. அதற்குள் கரையின் ஒரு பகுதி நொடிகளில் சரிந்தது. ஒருவர் எடுத்த காணொளியில் கீழ்முகம் திரவம்போல் ஓடுவது தெரிகிறது. தளர்வாக இருந்த மணல் நீரில் ஊறித் திடீரெனப் பலமிழந்தது என்று தனி நிபுணர் குழு கண்டறிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் உடைந்தது. சுமார் 10,000 பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு இல்லை. உரிமையாளரான நிறுவனம் சில வாரங்களில் திவால் மனு போட்டது. கட்டியெழுப்பும் செலவில் மாநில மானியம் போக மீதியைக் கரையோரச் சொத்துக்காரர்கள் மீது வரியாகப் போட்டிருக்கிறார்கள். கலிங்கைப் பெரிதாக்கும் செலவை யார் தருவது என்று அத்தனை வருடம் இழுபறி நடந்தது. கடைசியில் அதைவிடப் பல மடங்கு பெரிய தொகை அதே வீடுகளின் வாசலுக்கு வந்து நின்றது.

உரிமையாளருக்கு மீதமுள்ள வழிகள்

பழுதான கரை கையில் இருந்தால் வழிகள் சிலவே. சரிசெய்வது. ஏரி மட்டத்தை நிரந்தரமாகக் குறைத்துக் கலிங்கைத் தாழ்த்துவது. கரையோர வீட்டுக்காரர்களைச் சேர்த்து, வரி போடும் அதிகாரமுள்ள ஏரி மாவட்டம் போன்ற பொது அமைப்பிடம் ஒப்படைப்பது. கடைசியாக, கரையை முறைப்படி வெட்டி ஆற்றை ஓடவிடுவது. கடைசி வழியும் இலவசம் இல்லை. பல ஆண்டுகளாகப் படிந்த வண்டல் கீழே போய்விடாமல் கையாள வேண்டும், அனுமதியும் வாங்க வேண்டும். எதையும் செய்யாமல் இன்னொருவருக்கு விற்றுவிடுவதும் ஒரு வழியாகவே நடைமுறையில் இருக்கிறது. ஜான்ஸ்டவுனுக்கு மேலே நடந்தது அதுதான்.

ஏரியோடு சேர்ந்த நிலத்தையோ, ஏரிச் சங்கத்தில் உறுப்பினராக்கும் வீட்டையோ வாங்குபவர் பத்திரம் பதியும் முன் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்:

1. அணை யார் பெயரில் இருக்கிறது? கரை, ஏரியின் அடிநிலம், கலிங்கு மூன்றும் ஒரே பத்திரத்தில் உள்ளனவா? வெவ்வேறு பெயரில் இருந்தால் பராமரிப்பு யாருடையது என்று எழுதியிருக்கிறதா?

2. கடைசிப் பரிசோதனை அறிக்கை எங்கே? அதில் சொன்ன பழுதுகளில் எத்தனை முடிந்தன?

3. மதகு கடைசியாக எப்போது முழுதாகத் திறந்து மூடப்பட்டது? யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் அது வேலை செய்யாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சங்கத்தின் கணக்கில் அணைக்கென்று தனி நிதி இருக்கிறதா, அல்லது கோடை விழாவுக்கும் அதே கணக்குத்தானா?

5. உடைந்தால் வெள்ளம் எங்கே, எத்தனை நிமிடத்தில் போகும் என்ற வரைபடமும், நடு இரவில் யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கின்றனவா? அந்தப் பட்டியலில் உள்ள எண்களில் ஒன்றை அங்கேயே நின்று அழைத்துப் பாருங்கள்.